டிராக்டரில் கியர் விழவில்லையா? கியர் பாக்ஸைக் கடைசியாகத் திறங்கள்

என்னுடையது 35 குதிரைத்திறன் டிராக்டர், அப்பா வாங்கினது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல். சில வருடங்களுக்கு முன்னால், பாபநாசம் அணை திறந்து கார் பருவ நெல் சாகுபடிக்கு எல்லோரும் தொழி அடித்துக்கொண்டிருந்த, அதாவது வயலைச் சேறாக உழுதுகொண்டிருந்த ஜூன் மாதத்தில், ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று பல் உரச ஆரம்பித்தது. முதல் கியரும் அப்படித்தான். நான் பதறிப்போய் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் பாக்ஸ் மூடியைக் கழற்றி, கியரை நகர்த்துகிற ஃபோர்க், கியரைப் போட்ட இடத்தில் பிடித்துவைக்கிற லாக் பால், அதன் ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, புது எண்ணெயும் ஊற்றி, பதினோரு நாள் கழித்துக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன். கர்ர்ர்.

எங்கள் ஊரில் ஒரு பழைய மெக்கானிக் உண்டு, வயதாகிவிட்டதால் பட்டறை வைக்கவில்லை. அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். வந்தார், வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார், கிளட்ச் பெடலில் இருந்து போகிற கம்பியைப் பிடித்து ஆட்டினார். "ஏ தம்பி, பாக்ஸு கெடக்கட்டும். இந்த ஓட்டையில வெரல வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். கம்பியைக் கோக்கிற ஆணி, அதாவது பின், போகிற ஓட்டை வட்டமாக இல்லை, நீள்வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. நான் பெடலைத் தரையோடு மிதித்தாலும் பாதி மிதி அந்த ஓட்டையிலேயே வீணாகிவிட்டது. கிளட்ச் முழுதாக விடவே இல்லை, அதாவது இன்ஜினையும் பாக்ஸையும் பிரிக்கவே இல்லை. இரண்டு பின், ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பி மறுபடி துளைத்த கூலி, அவ்வளவுதான் செலவு. "இத அண்ணாச்சிகிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாம்" என்றேன். "கேட்டிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

அதனால் கியர் கோளாறு என்று யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: வெளியில் இருப்பதை எல்லாம் பார்த்துத் தீர்த்த பிறகு பாக்ஸைத் தொடுங்கள். மாஸி 1035, மஹிந்திரா 265, ஸ்வராஜ் 735, ஐச்சர் 242 என்று நம் பக்கத்தில் ஓடுகிற பழைய வண்டிகள் எதுவானாலும் பார்க்கிற வரிசை ஒன்றுதான். போல்ட் இருக்கிற இடம் மாறும், அளவு மாறும், வேலை மாறாது.

ஒரு விஷயம் முதலில் புரிய வேண்டும். கார், பைக் ஓட்டிவிட்டு டிராக்டரில் ஏறுகிற பையன்கள் ஓடுகிற ஓட்டத்திலேயே கியர் மாற்றப் பார்ப்பார்கள். காரில் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தி உள்ளே விடுகிற சிங்க்ரோ என்ற ஏற்பாடு இருக்கிறது. பழைய டிராக்டரில் அது கிடையாது. ஸ்லைடிங் மெஷ் என்கிற பழைய பாக்ஸில் பல்சக்கரமே ஷாஃப்டின் மேல் நகர்ந்து போய் இன்னொரு பல்சக்கரத்தோடு சேரும். கொஞ்சம் பின்னால் வந்த கான்ஸ்டன்ட் மெஷ் பாக்ஸில் பல்சக்கரங்கள் எப்போதும் சேர்ந்தே சுற்றும், நடுவில் ஒரு காலர் மட்டும் நகர்ந்து பிடிக்கும். எதுவானாலும் வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை முழுதாக மிதித்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் கியர். ஓட்டத்தில் போட்டுப் போட்டுப் பல்லின் முனை மொட்டையாகிவிட்ட வண்டிக்கு நான் இங்கே சொல்கிற எந்த வைத்தியமும் பலிக்காது, பல்சக்கரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, பெரிய சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். இப்போது எல்லாக் கியரையும் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஹை-லோ ராடையும் சேர்த்து. ஏதாவது ஒரு கியர் போக மறுத்தால் உடனே பாக்ஸ் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பல்லுக்கு நேர் பல் நிற்கும்போது எந்தப் புது வண்டியிலும் விழாது. கட்டையை எடுத்துவிட்டு வண்டியைக் கையால் லேசாக முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி போடுங்கள், விழும்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் மட்டும் கர்ர்ரென்கிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு கிளட்ச்தான். அணைந்திருக்கும்போதே போகவில்லை, அல்லது கியர் ராடு எங்கோ சிக்குகிறது என்றால் ராடு, ஃபோர்க், ஃபோர்க்கைத் தாங்கி நகர்கிற ரெயில் என்ற கம்பி, இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். விழுகிறது, ஆனால் பாரம் இழுக்கும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது என்றால் அது மூன்றாவது வகை. கோளாறு எந்த வகை என்று தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் என் கதைதான் உங்களுக்கும்.

கிளட்ச்சை உறுதிப்படுத்த இன்னும் இரண்டு சோதனை உண்டு. இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பத்து வரை எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அந்தப் பத்து எண்ணுகிற நேரத்துக்குள் பாக்ஸுக்குள் சுற்றுகிற ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தம் வராது. உடனே போட்டால் சத்தம், பத்து எண்ணிப் போட்டால் சத்தம் இல்லை என்றால் வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவருக்குத்தான் அவசரம். பத்து எண்ணியும் கத்தினால் கிளட்ச் விடவில்லை. இரண்டாவது சோதனை: இன்ஜினை அணைத்து, கியரில் போட்டு, ஒருவர் கிளட்ச்சை மிதித்துக்கொள்ள, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளுங்கள். வண்டி உருள வேண்டும். உருளாமல் இன்ஜினோடு சேர்ந்து முட்டிக்கொண்டு நின்றால் அதே முடிவுதான்.

இப்போது கிளட்ச் பெடலைக் காலால் இல்லை, கையால் அமுக்குங்கள். கொஞ்ச தூரம் சும்மா போகும், பிறகு கெட்டியாக எதிர்ப்புக் கொடுக்கும். அந்தச் சும்மா போகிற தூரம்தான் ஃப்ரீ பிளே. ஒரு ஸ்கேலை ஃபுட்போர்டில் நிறுத்திவைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் இது ஏறக்குறைய ஒரு அங்குலம் இருக்கும். உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் கணக்கு. இது அளவுக்கு மேல் இருந்தால் கிளட்ச் விடாது, கியர் கத்தும். அளவுக்குக் கீழே போனால் கியர் நன்றாக விழும், ஆனால் பாரத்தில் கிளட்ச் வழுக்கிப் பிளேட் கருகும், பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை அமுக்குகிற ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும். கியர் சத்தம் போகட்டும் என்று ஃப்ரீ பிளேயை ஒரேயடியாகக் குறைத்துவிட்டு, அடுத்த மாதம் பிளேட்டுக்கு அழுதவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையுமே தவிரக் கூடாது. ஆகவே உங்கள் வண்டியில் அது கூடியிருக்கிறது என்றால் பிளேட்டைச் சந்தேகப்படாமல் பெடலில் இருந்து கிளட்ச் ஹவுஸிங் வரைக்கும் உள்ள பின், யோக் (கம்பி முனையில் இருக்கிற கவை), புஷ் (ஓட்டைக்குள் இருக்கிற குழல்), கம்பி இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒருவர் பெடலை மெல்ல மெல்ல மிதிக்க, நீங்கள் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். பெடல் நகர்ந்த பிறகும் எந்த மூட்டில் அடுத்த கம்பி நகராமல் தாமதிக்கிறதோ அங்கேதான் தேய்மானம். பின்னை மட்டும் புதிதாகப் போட்டு நீள்வட்ட ஓட்டையை அப்படியே விட்டால் பாதி வேலைதான். ஓட்டையை வெல்டிங்கில் நிரப்பித் துளைக்கலாம், அல்லது பெரிதாகத் துளைத்துப் புஷ் அடிக்கலாம். பெடல் ஷாஃப்டின் புஷ்ஷுக்குக் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அதில் கடைசியாக எப்போது கிரீஸ் ஏறியது என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டெல்லாம் சரியான பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, யோக்கைத் திருப்பி அளவுக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறது என்பது ஒரு சுற்றிலேயே தெரிந்துவிடும். லாக் நட்டை இறுக்கின பிறகு இன்னொரு தடவை அளந்துவிடுங்கள், இறுக்கும்போதே யோக் திரும்பிவிடும்.

டபுள் கிளட்ச் வண்டியானால் பாதி மிதியில் வண்டி நிற்கும், முழு மிதியில் பின்னால் மாட்டின கருவியைச் சுற்றுகிற பி.டி.ஓ. ஷாஃப்டும் நிற்கும். ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டே வண்டி திரும்ப வேண்டும் என்று பாதி மிதித்துப் பழகியவர்கள், கியர் போடும்போதும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே மிதித்துவிட்டுக் கத்துகிறது என்பார்கள். கால் பழக்கத்தையும் ஒரு தடவை கவனியுங்கள்.

லிங்கேஜ் என்கிற இந்தக் கம்பி, மூட்டு எல்லாம் சரி, ஃப்ரீ பிளே சரி, ஆனாலும் கிளட்ச் விடவில்லை என்றால் உள்ளே மூன்று நான்கு காரணம் இருக்கலாம். பிளேட் துருப்பிடித்து, இன்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும், அல்லது சூட்டில் கோணியிருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் ஃபிங்கர்கள் ஒரே மட்டத்தில் இல்லாமல் ஏறி இறங்கியிருக்கும். ஃபிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங் இறுகிப்போய், கிளட்ச் விட்டாலும் ஷாஃப்டைச் சேர்த்துச் சுற்றும். இதில் ஒட்டின பிளேட்டை மட்டும் வண்டியைப் பிரிக்காமல் விடுவிக்க முடியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளத்தில் முங்கின வண்டிகளில் இதை நிறையப் பார்த்தோம். தண்ணீர் வடிந்து, இன்ஜின் வேலையெல்லாம் முடித்து, ஒரு மாதம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் மிதித்தும் மிதிக்காததுபோல் இருக்கும். வெள்ளமே வேண்டாம், பிசானப் பருவ நெல் அறுத்த பிறகு கார் பருவம் வரைக்கும் ஒழுகுகிற கொட்டகையில் சும்மா நின்ற வண்டிக்கும் இது வரும். முதலில் நியூட்ரலில் அரைமணி நேரம் ஓடவிட்டு ஹவுஸிங்கைச் சூடேற்றுங்கள். அணைத்துவிட்டுப் பெடலை முழுதாக அமுக்கி, பெடலுக்கும் சீட் சட்டத்துக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள். பல வண்டிகளில் காலையில் டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டிருக்கும்.

விடவில்லை என்றால், நெல் அறுத்த வெறும் வயல் மாதிரி அகலமான இடத்துக்குப் போய், இன்னொரு டிராக்டரில் சங்கிலி கட்டி, டாப் கியரில் போட்டு இழுக்கவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் சங்கிலி தளர்ந்துவிடும், அதைக் கழற்றினதும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் சேர்த்து அடித்து அடித்து விடுங்கள். பிரேக் பெடல் இரண்டையும் இணைக்கிற லாக்கைப் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாகச் சுற்றிவிடும். இன்ஜினை நிறுத்துகிற குமிழ் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், கிளட்ச் விடாத வண்டியை நிறுத்த அதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். முன்னால் ஆளோ ஆடுமாடோ கிணறோ இருக்கிற இடத்தில் இந்த வேலையே வேண்டாம். இனிமேல் இரண்டு மாதம் நிறுத்துகிற வண்டிக்குக் கிளட்ச் பெடலைக் கட்டை வைத்து அமுக்கியே நிறுத்துங்கள், ஒட்டுகிற பேச்சே வராது.

கிளட்ச் ஹவுஸிங்குக்கு நேர் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பல வண்டிகளில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அதைச் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். அதிலிருந்து தண்ணீர் வந்தால் பிளேட் ஏன் துருப்பிடித்தது என்று தெரிந்துவிடும். எண்ணெய் சொட்டினால் இன்ஜின் பக்கத்து சீலோ பாக்ஸ் பக்கத்து சீலோ போயிருக்கிறது. முழங்கால் சேற்றில் தொழி அடிக்கும்போது சிலர் இதை அடைப்பார்கள், தப்பில்லை, ஆனால் கரைக்கு வந்ததும் திறக்க மறந்துவிடுவார்கள்.

கிளட்ச் பக்கம் சுத்தம் என்றால் கியர் ராடுக்கு வாருங்கள். இதற்கும் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை. முதலில் ராடை ஒவ்வொரு கியரிலும் போட்டு, அது ஃபுட்போர்டு தகட்டிலோ டூல்பாக்ஸிலோ சீட்டிலோ முட்டுகிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு வண்டியில் மூன்றாவது கியர் மட்டும் கழன்றுகொண்டே இருந்தது. மட்கார்டு மேல் ஆள் உட்கார வசதியாக வைத்து வெல்டு செய்த ஒரு கைப்பிடியில் ராடு முட்டி, கியர் முக்கால்வாசிதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆக்ஸா பிளேடால் கைப்பிடியை அறுத்ததும் கோளாறு தீர்ந்தது.

ராடு கஞ்சியில் விட்ட கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஆடினால், அதைத் தாங்குகிற உருண்டையும் கிண்ணமும் தேய்ந்திருக்கும், அல்லது அதை அமுக்குகிற ஸ்பிரிங் உடைந்திருக்கும், ராடு சுழலாமல் பிடிக்கிற சின்னப் பின் அறுந்திருக்கும். ராடு உட்கார்ந்திருக்கிற தலைப்பகுதியைப் பெரும்பாலும் நான்கு போல்ட் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள சேற்றையும் மண்ணையும் சுரண்டி, டீசலில் துடைத்து, காற்றடித்துவிடுங்கள். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலானாலும் மானூர்ப் பக்கத்துக் கரிசலானாலும், ஒரு பிடி உள்ளே விழுந்தால் பேரிங்குக்கு எமன்.

ராடின் அடிமுனையைப் பாருங்கள். நாக்கு மாதிரி இருக்கும், அதுதான் உள்ளே ஃபோர்க்கைத் தள்ளுகிறது. அது தேய்ந்து உருண்டு போயிருந்தால் ஒரு ரெயிலில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் நழுவிவிடும். புது ராடு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். கிடைக்காத பழைய மாடலுக்கு நல்ல லேத் பட்டறையில் வெல்டிங்கில் நிரப்பி அரத்தால் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். மென்மையான இரும்பால் நிரப்பினால் சீக்கிரமே மறுபடி தேயும் என்பதைப் பட்டறைக்காரரிடம் சொல்லியே கொடுங்கள். அளவுக்கு மேல் பருமனாக விட்டாலும் இரண்டு ரெயிலை ஒன்றாகப் பிடித்துவிடும்.

தலைப்பகுதியைக் கழற்றின ஓட்டை வழியாகவே இன்னொரு பெரிய கோளாறைத் தீர்க்கலாம். நடு வயலில் வண்டி திடீரென்று பூட்டிக்கொள்ளும், கிளட்ச் பெடலில் இருந்து காலை எடுத்தால் இன்ஜின் செத்துவிடும், ராடு எந்தப் பக்கமும் போகாது. இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: ரெயில்களின் மேல் ராடு நாக்கு போகிற பள்ளங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். எல்லாம் நியூட்ரலில் இருந்தால் அந்தப் பள்ளங்கள் ஒரே கோட்டில் நிற்கும், வாய்க்கால் போல ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் நேராகப் பார்க்கலாம். கோட்டை விட்டு முன்னாலோ பின்னாலோ நிற்கிறதே, அதுதான் கியரில் மாட்டியிருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பி அதைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியல் வேண்டாம். பாரம் பிடித்துக்கொண்டு நகரவில்லை என்றால் வண்டியை லேசாக அசைத்துவிட்டு நெம்புங்கள், டக்கென்று லாக் பால் பள்ளத்தில் விழுகிற சத்தம் கேட்கும். அப்போதைக்கு வண்டி வீடு வந்து சேரும். ஆனால் இரண்டு கியர் ஒன்றாக விழாமல் தடுக்கிற இன்டர்லாக் பின் என்று ஒன்று ரெயில்களுக்கு நடுவில் இருக்கிறது; அது தேய்ந்திருக்கிறது, அல்லது போன தடவை பிரித்தவர் போடவே மறந்திருக்கிறார். அதைப் பார்க்காமல் விட்டால் திரும்பவும் வரும்.

எண்ணெய் விஷயம் சீக்கிரம் முடித்துவிடலாம். அளவு கம்பியை எடுத்துப் பாருங்கள். பால்விட்ட சாயா நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் கியர் ராடின் ரப்பர் கிழிசல் வழியாகவோ பாக்ஸுக்குள் காற்று போய்வர வைத்திருக்கிற காற்றுவாங்கி வழியாகவோ போயிருக்கும். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, ராத்திரி முழுக்க வடியவிடுங்கள். போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் தேய்த்துப் பாருங்கள். பசை மாதிரி கருப்பு மாவு என்றால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படுகிற துண்டு என்றால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹைட்ராலிக்கும் கியர் பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடுகிற வண்டியில் டீசல் ஊற்றிக் கழுவி ஓட்டாதீர்கள், பம்ப் கெட்டுவிடும்; புது எண்ணெய் ஊற்றி, பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டு, மறுபடி ஒரு தடவை மாற்றுங்கள். செலவுதான், வேறு வழியில்லை. பழைய வண்டி விற்கிறவர்கள் பாக்ஸ் சத்தம் கேட்காமல் இருக்க 140 நம்பர் கெட்டி எண்ணெயை ஊற்றி நிறுத்தியிருப்பார்கள். பொது எண்ணெய் வண்டியில் அப்படிச் செய்தால் கலப்பை தூக்கவே சோம்பும், அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பாக்ஸ் மூடி. பாரத்தில் கியர் கழல்கிற வண்டிக்குத்தான் இது பெரும்பாலும் தேவைப்படும். இந்தக் கோளாறைத் தள்ளிப்போடாதீர்கள். டிரெய்லரில் நெல் ஏற்றிக்கொண்டு குளத்தங்கரைச் சரிவில் இறங்கும்போது கியர் கழன்றால் அவ்வளவு பாரமும் பின்னாலிருந்து தள்ளும், பிரேக் மட்டும் போதாது. கயிற்றால் ராடை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஃபோர்க்கைத்தான் தின்னும்.

சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள், குனிந்தால் பேனா, பீடி, போன் எல்லாம் உள்ளே போகும். சில வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸே கியர் பாக்ஸ் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்காமல் மூடி வராது, அது செயின் பிளாக்கும் இரண்டு ஆளும் வேண்டிய வேலை. மற்றவற்றில் மூடியைச் சுற்றி உள்ள போல்ட்களைக் கழற்றி, எது நீளம் எது குட்டை என்று ஒரு அட்டையில் அதே வடிவத்தில் குத்தி வைத்துவிடுங்கள். மூடியை மெல்லத் தூக்குங்கள், சில மாடல்களில் லாக் பால் ஸ்பிரிங்குகள் மூடிக்கு அடியிலேயே இருக்கும். முதல் தடவை நான் வெடுக்கென்று தூக்க, ஒரு ஸ்பிரிங் என் காதோரம் பறந்தது, பால் உள்ளே விழுந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டி ஒன்றரை மணி நேரம் தூண்டில் போட்டேன். மூடியைத் தூக்கும் முன் ஒரு சுத்தமான துணியை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். நீங்கள் அதிகம் ஓட்டுகிற கியருக்கு உரியது மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். ஒன்று மட்டும் குட்டை என்றாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள், விலை பெரிதில்லை. ஸ்பிரிங்குக்கு மேல் வாஷர் போட்டு அழுத்தம் கூட்டுகிற வித்தை ஒரு சீசன் ஓட்டும், ஆனால் கியர் மாற்றக் கை வலிக்கும், ராடு நாக்கும் சீக்கிரம் தேயும். அடுத்து ரெயிலில் பால் உட்காருகிற பள்ளம். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகத் தடுக்க வேண்டும், ஆற்றங்கரைச் சரிவு மாதிரி வழுக்கினால் புது ஸ்பிரிங் போட்டும் பயனில்லை, ரெயிலை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஃபோர்க். அதை ரெயிலோடு பிடித்திருக்கிற போல்ட்டை முதலில் ஆட்டிப் பாருங்கள். கட்டுக்கம்பி அறுந்து போல்ட் தளர்ந்திருந்தால் ராடு போகும், கியர் முழுதாகப் போகாது. ஃபோர்க்கின் இரண்டு விரலும் பல்சக்கரத்தின் பள்ளத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். கண்ணுக்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் நான் மாற்றிவிடுவேன். நெருப்பில் காட்டி வளைத்து நிமிர்த்தின ஃபோர்க்கை நம்பாதீர்கள்.

கழல்கிற கியரை ஸ்க்ரூ டிரைவரால் ரெயிலைத் தள்ளிக் கையாலேயே போடுங்கள். பால் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டதும் டார்ச் அடித்துப் பாருங்கள், பல் முழு அகலத்துக்கும் சேர்ந்திருக்கிறதா? பால் விழுந்துவிட்டது, ஆனால் பல் முக்கால்தான் சேர்ந்திருக்கிறது என்றால் குற்றவாளி ஃபோர்க். பல்லும் முழுதாகச் சேர்ந்திருக்கிறது, ஸ்பிரிங்கும் பள்ளமும் நன்றாகவே இருக்கிறது என்றால் பல்லின் பக்கவாட்டை விரலால் தடவுங்கள். ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி தேய்ந்த பல், பாரம் ஏறினால் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். கடைசியாக ஒரு மரக்கட்டையை ஊன்றி நெம்புகோலால் ஷாஃப்டை மேலே தூக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறி இறங்கினால் பேரிங் போய்விட்டது. பல், பேரிங் இரண்டும் வண்டியைப் பிரிக்கிற வேலை. சரியான தாங்கியும் பழகின ஆளும் இல்லாமல் வீட்டு முற்றத்தில் ஜாக்கியை மட்டும் நம்பி அதைச் செய்யாதீர்கள். ஆனால் இப்போது பட்டறைக்குப் போகும்போது எது போயிருக்கிறது என்று நீங்களே சொல்லலாம். பிரிக்கிற அன்றைக்கே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், இன்னொரு பிரிப்புக் கூலி மிச்சம்.

மூடும்போது எல்லா ரெயிலும் நியூட்ரலில், ராடும் நியூட்ரலில் இருக்க வேண்டும், நாக்கு நேராகப் பள்ளத்தில் இறங்க வேண்டும். மூடிக்கு அடியில் வைக்கிற பேக்கிங்குக்கு ஷெல்லாக் பசையை மெலிதாகத் தடவினால் போதும், பிதுங்கி உள்ளே விழுகிற அளவுக்கு அப்பாதீர்கள். நான்கு மூலை போல்ட்டை மட்டும் கையால் போட்டுவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், விழுந்த பிறகு மீதி போல்ட். ஸ்டார்ட் செய்து காலியாக ஓட்டி, அப்புறம் கலப்பை, கடைசியில்தான் டிரெய்லர். பத்து மணி நேரம் ஓடின பிறகு மூடி போல்ட்களை ஒரு சுற்று இறுக்கி, எண்ணெய்க் கம்பியை எடுத்து நிறம் பாருங்கள். ராடு ரப்பர் கடையில் கிடைக்காவிட்டால் லாரி டியூபில் ஒரு சாண் துண்டு வெட்டி ராடோடு மாட்டி, மேலும் கீழும் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுங்கள். என் வண்டியில் மூன்று பிசானமாக அதுதான் கிடக்கிறது, இதுவரைக்கும் உள்ளே தண்ணீர் போகவில்லை.